அஞ்சாவது நாள் முறை

ஆமா சார், மாறுதல்தான். இந்த வயசுல ரெண்டு பெட்டியோட மலைக்குப் போற பஸ்ல ஏறினா வேற என்ன? சுற்றுலாவா? "நிர்வாக நலன் கருதி"ன்னு உத்தரவுல போட்டிருக்கு. யாரோட நலன்னு போடல. போற ஊர்ல வருஷத்துல எட்டு மாசம் மழையாம். குழாயைத் திறக்காமலே தண்ணி வருமாம். அங்க குடிநீர்ப் பிரிவுல நான் உதவிப் பொறியாளர். தண்ணி வர்றதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற உத்தியோகம். பஞ்சத்துல அறுபத்தோரு ஊருக்குத் தண்ணி பிரிச்சுக் குடுத்தவனுக்கு டிபார்ட்மெண்ட் போட்ட மாலை இது.

என் பேரு அரிகரபுத்திரன். நல்லாண்டிபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? நல்லது. கேள்விப்பட்டவங்க எல்லாரும் வாட்ஸ்அப்ல கேள்விப்பட்டவங்க. நான் நடந்ததைச் சொல்றேன்.

எங்க பக்கம் ரெண்டு வருஷம் ஐப்பசி கார்த்திகை ரெண்டும் வெயில்லயே போச்சு. மூணாவது வருஷம் ஒரே ஒரு நாள் பெஞ்சுது சார். ஒரே நாள்ல இருபத்தோரு சென்டிமீட்டர். ஆத்துல வெள்ளம், கரையோரம் யாரும் போகக்கூடாதுன்னு ஆட்டோவுல மைக் கட்டிச் சொன்னாங்க. மூணாம் நாள் அதே ஆத்துல வாலிபால் நெட் கட்டி ஆடிக்கிட்டிருந்தாங்க. வந்த தண்ணி எங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டுக் கடலுக்குப் போயிருச்சு.

அப்புறம் கூட்டம் போட்டாங்க. தண்ணி இல்லாட்டி கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. ஏசி ஹால், ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி. சென்னையில இருந்து ஒரு நிபுணர் வந்து திரையில படம் போட்டாரு. பருவநிலை மாற்றம். எங்க மாவட்டம் செக்கச்செவேல்னு இருந்துச்சு. "இது இரண்டாயிரத்து ஐம்பதுல வரப்போற நிலைமை"ன்னாரு. நான் எந்திரிச்சு, "சார், எங்களுக்கு அது போன மாசமே வந்திருச்சு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சுட்டு முறை அட்டவணை தயாரிக்கிற பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. டிபார்ட்மெண்ட்ல வாயைத் திறந்தவனுக்குத்தான் வேலை.

நிலைமை என்னன்னா, ஆத்துக்குள்ள எங்களுக்கு ஆறு உறைகிணறு. ஒரு நாளைக்குத் தொண்ணூறு லட்சம் லிட்டர் எடுத்த இடம். நாலு கிணறு வத்திப்போச்சு. மிச்சம் ரெண்டுல முப்பது லட்சம் வந்தா அதிசயம். அதை அறுபத்தோரு ஊருக்கும் நல்லாண்டிபுரம் டவுனுக்கும் பிரிக்கணும். ஊர்களை அஞ்சு மண்டலமாப் பிரிச்சேன். ஒரு மண்டலத்துக்கு ஒரு நாள் முறை. அஞ்சு நாளைக்கு ஒரு தடவை எல்லாருக்கும் தண்ணி. அஞ்சு கலர். இவ்வளவு பெரிய தாள் சார், இந்த ரெண்டு சீட்டு அகலம். பாத்தா கோலம் மாதிரி இருக்கும். எங்க செயற்பொறியாளர், ஈ.ஈ. சார், அதைக் கண்ணாடி போட்டு அவர் ரூம்ல மாட்டிக்கிட்டாரு.

டவுன்ல அத்தியாவசியப் பிரிவுன்னு ஒண்ணு வச்சேன். அரசு ஆஸ்பத்திரி, கோர்ட், அதை ஒட்டின தெரு. அதுக்கு மட்டும் தினமும் தண்ணி. ஆஸ்பத்திரிக்குக் குடுக்காம இருக்க முடியுமா? எங்க வீடு அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருக்குன்னு அப்புறம் ஒருத்தன் புகார் எழுதினான். வீடு கட்டினப்ப பஞ்சம் வரும்னு எனக்கு எப்படி சார் தெரியும்? தற்செயல். மனுஷன் வாழ்க்கையில தற்செயல் இருக்கக்கூடாதா?

அஞ்சாம் மண்டலத்துல பதினோரு ஊரு. அதுல கடைசி முள்ளிச்செவல். ஆத்துல இருந்து ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். அதுக்கு அப்புறம் குழாயும் இல்லை, ரோடும் இல்லை, கருவேலங்காடுதான். அந்த ஊர்ல மேல்நிலைத் தொட்டியைத் திறந்து மூடுற வேலைக்குப் பஞ்சாயத்துல ஒரு அம்மாவைப் போட்டிருந்தாங்க. பஞ்சவர்ணம். அந்தம்மாவாலதான் சார் நான் இந்த பஸ்ல உக்காந்திருக்கேன்.

முறை நாள் ஆச்சுன்னா காலையில ஏழு மணிக்கு போன் வந்திரும். "ஐயா, முள்ளிச்செவல்ல இருந்து பஞ்சவர்ணம் பேசுறேன். காத்துதான் வருது." வணக்கம் கிடையாது, ஒண்ணு கிடையாது. நான் நம்பலைன்னு நினைச்சு போனைக் கொண்டுபோய்க் குழாய் வாய்ல வச்சிரும். புஸ்ஸுன்னு ஒரு சத்தம். பல்லு விளக்கிக்கிட்டே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருப்பேன்.

நான் பொறுமையா விளக்குவேன் சார். "அம்மா, நீங்க கடைசி ஊரு. வழியில பத்து ஊர்க்காரன் எடுத்தது போக மிச்சம்தான் உங்களுக்கு. அங்கங்க ஏர் வால்வை உடைச்சு வேற எடுக்கிறான். பிரஷர் குறையும். இது இயற்கை விதி."

"இயற்கைன்னா எங்க ஊர்ல மட்டும் ஏய்யா இருக்கு?"ன்னு கேட்டுச்சு.

படிக்காத பொம்பளைகிட்ட ஹைட்ராலிக்ஸ் பேசினது என் தப்பு. ஆனா ஒண்ணு, அதுவரைக்கும் பாதித் தொட்டியாவது ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது. அதுக்கப்புறம்தான் சுத்தமா நின்னுச்சு. அதுக்குக் காரணம் நான்னு சொல்றாங்க. அதையும் சொல்றேன்.

எனக்கு ஒரே பொண்ணு, சங்கரி. பேங்க்ல வேலை. அவளுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு பூர்வீகம் எங்க பக்கம்தான், ஆனா மூணு தலைமுறையா கோயம்புத்தூர். சிறுவாணித் தண்ணி குடிச்சு வளந்தவங்க. பொண்ணு பாக்க வந்தப்பவே சம்பந்தியம்மா ரங்கநாயகி ஒரு வாய் தண்ணியைக் குடிச்சுட்டு டம்ளரை உள்ள எட்டிப் பாத்தாங்க. "கொஞ்சம் உப்புக் கரிக்குதுங்களே"ன்னாங்க. எங்க ஊர்லயே நல்ல தண்ணி அதுதான் சார்.

மண்டபம் பிடிச்சாச்சு, ஆவணி முகூர்த்தம். மண்டபத்துல போர் தண்ணி. அதுல பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. லாரித் தண்ணி வாங்கலாம்னா அதுவும் எங்கயோ போர்ல இருந்து வர்ற உப்புத் தண்ணி. ஆயிரத்து ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. சாம்பார்ல உப்புக் கரிச்சா சம்பந்தியம்மா மறுபடி இலையை எட்டிப் பாப்பாங்க. பொண்ணைப் பெத்தவன் சார் நான்.

மண்டபத்து வாசல்லயே எங்க மெயின் லைன் போகுது. கையில வால்வு சாவி இருக்கு. ஒரு சின்ன இணைப்பு. தற்காலிகம். ஊழல்னு பெரிய பேரெல்லாம் வச்சாங்க. ஊழல்னா ஒருத்தன் வாங்கணும், ஒருத்தன் குடுக்கணும். இங்க நான் யார்கிட்டயும் எதையும் வாங்கல. வால்வு திறக்கிற ஆளைக்கூடத் தொந்தரவு பண்ணல, நானே ஸ்கூட்டர்ல போய் நானே குனிஞ்சு திறந்தேன். எத்தனை அதிகாரி சார் சொந்தக் கையால வால்வு திறப்பான்?

அந்த லைன் அஞ்சாம் மண்டலத்து லைன். அதுல அஞ்சாவது நாள் மட்டும்தான் தண்ணி ஓடும். வேற நாள்ல திறந்தா என்ன வரும்? காத்துதான் வரும். அதனால அஞ்சாவது நாள் திறந்தேன். மூணே தடவை. முதல் தடவை கசிவு இருக்கான்னு பாக்க. ரெண்டாவது தடவை மண்டபத்து சம்பை, அதான் தரைக்கடியில இருக்கிற தொட்டியை, கழுவ. மூணாவது தடவை கல்யாணத்துக்கு. சம்பு முப்பதாயிரம் லிட்டர் பிடிக்கும். முள்ளிச்செவல் தொட்டியும் முப்பதாயிரம் லிட்டர்தான்னு விசாரணையில ஒருத்தர் பெருசாக் கண்டுபிடிச்சு எழுதினாரு. ரெண்டும் ஒரே அளவுல கட்டினது நானா?

இதுக்கு நடுவுல ஒரு நாள் பஞ்சவர்ணம் ஆபீசுக்கே வந்திருச்சு. ரெண்டு பஸ் மாறி. மேசைக்கு எதிர்ல நின்னுச்சு. உக்காருன்னா உக்காரல.

"ஐயா, ரெண்டு முறையா ஒரு குடம் ஏறல. பழைய கல்குவாரிக் குழியில கிடக்கிற தண்ணிக்கு இறங்குறோம். நேத்து என் மக கனி வழுக்கி விழுந்துட்டா. கால் எலும்பு ரெண்டா போச்சு. இங்கதான் ஆஸ்பத்திரியில கிடக்கா."

எனக்கும் மனசு கேக்கல சார். நான் என்ன கல்லா? "குவாரியில இறங்கக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்குமேம்மா"ன்னு கேட்டேன்.

அந்தம்மா என்னைப் பாத்துச்சு. என் மேசை மேல சங்கரி கல்யாணப் பத்திரிகை அடுக்கி வச்சிருந்தேன், அதைப் பாத்துச்சு. அடுத்த முறை கண்டிப்பா வரும்னு சொல்லி அனுப்பினேன். அடுத்த முறைன்னா, அது மூணாவது தடவை. பேச்சு வாக்குல சொல்றதுதானே.

பத்திரிகையிலதான் சார் சனியன் இருந்துச்சு. எங்க ஆபீஸ்ல தபால் பிரிவுல ஒரு புத்திசாலி இருக்கான். ஈ.ஈ.க்கும் மத்த அதிகாரிகளுக்கும் பத்திரிகை அனுப்புடான்னா, அறுபத்தோரு பஞ்சாயத்துக்கும் முறை அட்டவணை போற கவர்லயே ஆளுக்கு ஒரு பத்திரிகையும் சொருகி அனுப்பிட்டான். தபால் செலவு மிச்சமாம். "சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறேன்." கீழ என் பேரு. அதுக்குப் பின்னாடியே "மண்டலம் ஐந்து, முறை நாள்" தேதியோட. ரெண்டுலயும் ஒரே தேதி. அதை நான் கவனிக்கல. பஞ்சவர்ணம் கவனிச்சிருச்சு.

கல்யாணத்தன்னிக்குக் காலையில எட்டு மணி. தாலி கட்டி முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளை மேடையில நிக்கிறாங்க. மொய்யும் பரிசும் குடுக்க வரிசை. நாதஸ்வரம். ஈ.ஈ. சார் முதல் வரிசையில சந்தனம் பூசிக்கிட்டு உக்காந்திருக்காரு. சாம்பார் வாசனை சார், பருப்பு பூவா வெந்திருக்கு. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

வாசல்ல ரெண்டு சரக்கு வண்டி வந்து நின்னுச்சு. பொம்பளைங்க இறங்கினாங்க. இறங்கிக்கிட்டே இருந்தாங்க. நாப்பத்திரெண்டு பேரு. எல்லாரும் நல்ல சேலை, தலையில பூ. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் இடுப்புல. பச்சை, நீலம், ஆரஞ்சு. குடத்துக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, கழுத்துல ஒரு முழம் பூ சுத்தியிருக்கு. சத்தம் இல்லை, கோஷம் இல்லை. அழகா வரிசையில நின்னு வராங்க. முன்னால பஞ்சவர்ணம், கையில எங்க பத்திரிகை.

வரவேற்புல நின்ன என் மனைவி காந்திமதிக்கு ஒண்ணும் தெரியாது. "வாங்க, வாங்க"ன்னு பன்னீர் தெளிச்சு உள்ள விட்டுட்டா.

நான் ஓடினேன். "என்னம்மா இது?"

"சீர் கொண்டாந்திருக்கோம்யா. ஐயா மதிச்சுப் பத்திரிகை அனுப்பியிருக்கீங்க. வெறுங்கையோட வரலாமா?"

"குடத்துல என்ன?"

"ஒண்ணும் இல்லய்யா. நிறைகுடமாத்தான் கொண்டாரணும்னு இருந்தோம். இன்னைக்கு எங்க முறைநாளுன்னு விடிஞ்சதுல இருந்து குழாயடியில நின்னோம். வரல. முகூர்த்தம் தப்பிரும்னு அப்படியே வந்துட்டோம்."

அதைச் சொல்லும்போது முகத்துல ஒரு சிரிப்பு, ஒரு கோபம் எதுவும் கிடையாது சார். நிஜமாவே சீர் கொண்டு வந்த மாதிரி நின்னுச்சு.

அதுக்குள்ள சம்பந்தியம்மா பாத்துட்டாங்க. கல்யாணப் பந்தல்ல நாப்பத்திரெண்டு வெறுங்குடம். மேடையில நின்னவங்க, கீழ இறங்கி வந்துட்டாங்க, நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு. "என்னங்க சம்பந்தி இது? புதுப்பொண்ணு முன்னாடி வெறுங்குடத்தோட நிக்கிறாங்க! எதிர்ல ஒண்ணு வந்தாலே நாங்க திரும்பி வீட்டுக்குப் போற ஆளுங்க!"

"இல்லைங்க, அவங்கள அனுப்பிடறேன்..."

"வெறுங்குடத்தோட அனுப்புவீங்களா? அது இன்னும் கெட்டதுங்க! முதல்ல அத்தனையும் நிரப்பச் சொல்லுங்க. நிறைகுடமா இந்த வாசலைத் தாண்டணும். அப்பத்தான் நான் பொண்ணைக் கூட்டிட்டுப் போவேன்."

எவ்வளவு பெரிய படிப்புப் படிச்ச குடும்பம் சார். மாப்பிள்ளை சாஃப்ட்வேர். அந்தக் காலத்து நம்பிக்கையை விட மாட்டேங்கிறாங்க. என்ன பண்றது? மண்டபத்துப் பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டாங்க. நாப்பத்திரெண்டு பேரும் வரிசையில நின்னு பிடிச்சாங்க. சமையல்காரன் கத்துறான், இப்படியே போனா ரெண்டாவது பந்திக்குத் தண்ணி பத்தாதுன்னு. குடத்தோட வந்தவங்க வண்டியில இன்னும் கேன் வச்சிருந்தாங்க. சம்பந்தியம்மா, "அதையும் நிரப்புங்க, அதுவும் வெறும்தானுங்களே"ன்னு அவங்களே நின்னு பாத்து நிரப்ப வச்சாங்க. யாரோட தண்ணியை யார் அள்ளி யாருக்குக் குடுக்கிறது!

எங்க போட்டோகிராபர் ஒருத்தன், ட்ரோன் வச்சிருந்தான். கல்யாண மண்டபத்தை மேல இருந்து எடுடான்னு அதுக்குத் தனியா சொல்லியிருந்தேன். அவன் எடுத்தான். மண்டபத்தைச் சுத்தி கலர் கலரா குடம் வளைஞ்சு போறதை எடுத்தான். சாயங்காலத்துக்குள்ள மாவட்டமே பாத்துருச்சு. பொண்ணு மாப்பிள்ளையைவிட குடம் அழகா இருந்துச்சாம். அப்படித்தான் எல்லாரும் எழுதியிருந்தாங்க.

அதெல்லாம் கூடப் பரவால்லை சார்.

குடம் நிரம்பிக்கிட்டு இருக்கும்போது சங்கரி பின்பக்கம் வந்துட்டா. கழுத்துல மாலையோட, பட்டுப்புடவையை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. பஞ்சவர்ணத்துகிட்ட என்னமோ கேட்டா. அந்தம்மா கையை ஆஸ்பத்திரி பக்கம் காட்டிச்சு. அப்புறம் சங்கரி நேரா என்கிட்ட வந்தா.

"அப்பா, இவங்க ஊருக்கு முறை எப்போ?"

"அஞ்சாவது நாள்மா."

"இன்னைக்கு எத்தனாவது நாள்?"

அட்டவணை போட்டவன்கிட்ட கேக்குறா. எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். வாய் தானா சொல்லிருச்சு சார். "அஞ்சாவது நாள்."

மாப்பிள்ளை பக்கத்துல நிக்கிறாரு. ஈ.ஈ. சார் கை கழுவ வந்தவரு, அவரும் நிக்கிறாரு. நாலாவது நாள்னு ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா அவ்வளவுதான், யாருக்குத் தெரியப்போகுது? நான் உண்மையைச் சொன்னேன். உண்மையைச் சொன்னதுக்கு நான் அனுபவிக்கிறேன்.

பக்கத்துல ஒரு வயசான பொம்பளை நிரம்பின குடத்தைத் தூக்க முடியாம நின்னுச்சு. சங்கரி குனிஞ்சு ஒரு கை குடுத்துத் தூக்கி அந்தம்மா இடுப்புல வச்சுவிட்டா. பட்டுப்புடவை முன்பக்கம் முழுக்க நனைஞ்சு போச்சு. காஞ்சிபுரம் சார், தண்ணி பட்டா கறை போகாது. அப்படியே போய் மேடையில நின்னா. எல்லா போட்டோவுலயும் அந்த ஈரம் தெரியுது.

பத்து நாள்ல விசாரணை. மண்டபத்து இணைப்பை வெட்டி மூடினாங்க. மூணு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடிச்ச ஈ.ஈ. சார்தான் என் மேல அறிக்கை எழுதினாரு. அடுத்த அஞ்சாவது நாள் முள்ளிச்செவல் தொட்டி முக்கால்வாசி ஏறிச்சாம். பாத்தீங்களா? என் அட்டவணை சரியாத்தானே இருந்திருக்கு! அதை யாராவது அறிக்கையில ஒரு வரி எழுதினானா? எழுத மாட்டான்.

மாறுதல் உத்தரவு வந்த வாரம் சங்கரியும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தாங்க. வந்த அன்னைக்கே அவ ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கனிப் பொண்ணைப் பாத்துட்டு வந்திருக்கா. எங்க மொட்டை மாடியில நின்னா அந்த வார்டு ஜன்னல் தெரியும். மூணு நிமிஷ நடை. நான் போகல. அதிகாரி போனா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்னு வக்கீல் சொல்லியிருந்தாரு.

மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். அவ சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, தலையை நிமித்தாமக் கேட்டா. "அப்பா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வால்வைத் திறக்கும்போது அது அவங்க முறைன்னு நினைப்பு வந்துச்சா? வரலையா?"

சண்டை போடல சார். சண்டை போட்டிருந்தா நான் நல்லாப் பேசியிருப்பேன். எனக்கு ஹைட்ராலிக்ஸ் தெரியும், ரூல்ஸ் தெரியும். வரலைன்னு சொன்னா, அட்டவணை போட்டவனுக்கே அட்டவணை ஞாபகம் இல்லைன்னு ஆகும். இருபத்தாறு வருஷ சர்வீஸ், அந்தக் கேவலம் எனக்கு வேணாம். வந்துச்சுன்னு சொன்னா... எதிர்ல மாப்பிள்ளை உக்காந்திருக்காரு. அப்பளத்தை ஒடைக்காம கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

"தயிர் வாங்கிட்டு வந்திடறேன்"னு சொல்லி எந்திரிச்சுக் கடைக்குப் போயிட்டேன். கடையில கொஞ்சம் கூட்டம். ஒரு ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு. வந்து பாத்தா ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. வீட்ல அரை பானை தயிர் இருந்துச்சுன்னு காந்திமதி சொன்னா.

இப்பவும் ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்றா. அம்மாகிட்ட ஒரு மணி நேரம். என்கிட்ட, "மாத்திரை போட்டீங்களாப்பா? ஸ்வெட்டர் எடுத்து வச்சீங்களா?" அவ்வளவுதான். மரியாதையாத்தான் பேசுறா. குறை சொல்ல முடியாது.

போன ஞாயிறு நானே ஆரம்பிச்சேன் சார். பெட்டி கட்டிக்கிட்டிருந்தேன், என்னமோ தோணுச்சு. "சங்கரி, அன்னைக்குச் சாப்பிடும்போது நீ ஒண்ணு கேட்டியே..."ன்னேன்.

"பரவால்லப்பா. விடுங்க. தெரிஞ்சு போச்சு"ன்னுட்டா.

என்ன தெரிஞ்சு போச்சு? நான்தான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே!